சுழற்சிப் பொருளாதாரம்: கதம்பலிலிருந்து ஒரு சொல் விளக்கம்

நாகர்கோவிலில் சிறுதொழில் செய்பவர்களுக்காக ஒரு கூட்டம். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் 'வட்டப் பொருளாதாரம் – விழிப்புணர்வு முகாம்' என்று போட்டிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய் நார் எடுக்கிற தும்பு ஆலை நடத்துகிறவர். அதைப் படித்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "சாரே, இது எந்த வட்டத்துக்கு? அகஸ்தீஸ்வரத்துக்கு மட்டுந்தானா, கல்குளத்துக்காரனுக்கும் உண்டுமா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. தாலுகாவை 'வட்டம்' என்று எழுதி எழுதி நமக்குப் பழகிவிட்டது. சாதிச் சான்றிதழோ பட்டாவோ எதை எடுத்தாலும் விளவங்கோடு வட்டம், தோவாளை வட்டம் என்றுதான் இருக்கும். அப்படியிருக்க, வட்டப் பொருளாதாரம் என்றால் தாலுகா அளவில் ஏதோ கடன் கொடுக்கிறார்கள் என்றுதான் ஒரு தொழில்காரர் நினைப்பார். அன்றைக்குப் பேசியவர்களில் ஒருவர் பாதியிலிருந்து 'வட்டாரப் பொருளாதாரம்' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரும் திருத்தவும் இல்லை.

சர்க்குலர் எகானமி என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார்கள். எகானமி என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கம். வீட்டை நிர்வகித்தல் என்பது அதன் ஆதிப்பொருள். சர்க்குலர் என்ற அடைமொழி அதோடு சேர்ந்தது அண்மையில்தான். 1966-இல் கென்னத் போல்டிங் என்ற பொருளியலாளர் பூமியை ஒரு விண்கலத்துக்கு ஒப்பிட்டார்: ஏறும்போது இருந்ததுதான் கையிருப்பு, வெளியே கொட்டவும் இடமில்லை. 1976-இல் வால்ட்டர் ஸ்டாகலும் ஜெனவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த அறிக்கையில், பழையதைப் பழுதுபார்த்து ஓட்டினால் ஆற்றல் மிச்சமாகும், வேலையும் பெருகும் என்று வாதிட்டார்கள். 1990-இல் டேவிட் பியர்ஸ், கெர்ரி டர்னர் இருவரும் எழுதிய பாடநூலில் இந்தப் பெயர் இடம்பிடித்தது. 2009 ஜனவரியில் சீனாவில் இதே பெயரில் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்தது.

சொல்லை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு படகோட்டி. பிரிட்டனைச் சேர்ந்த எலன் மக்கார்தர் 2005-இல் தனியாளாகப் பாய்மரப் படகில் 71 நாளில் உலகைச் சுற்றி வந்தார். படகில் ஏற்றிய சாப்பாடும் டீசலும் தீர்ந்தால் வேறு கதி இல்லை என்ற அந்த நாட்களின் நினைப்புதான், 2010-இல் இதற்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்க வைத்தது. தூத்தூர், வள்ளவிளைக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிற விசைப்படகில் டீசல், ஐஸ், குடிதண்ணீர் மூன்றும் கணக்குப் பார்த்துத்தான் ஏறும்.

பொருள் இதுதான். மண்ணிலிருந்து எடுத்து, சாமானாக்கி, கொஞ்ச நாள் பயன்படுத்தி, தூக்கி எறிவது நேர்கோட்டுப் போக்கு. எடுத்ததை முடிந்தமட்டும் புழக்கத்திலேயே வைத்திருப்பது, தேய்ந்தால் சரிபண்ணுவது, ஒருவர் விட்டதை இன்னொருவர் மூலப்பொருளாக்குவது, மண்ணில் விளைந்ததை மண்ணுக்கே திருப்புவது, இதற்குத்தான் சர்க்குலர் எகானமி என்று பெயர்.

தமிழில் என்ன சொல்வது? 'சுழற்சிப் பொருளாதாரம்' என்பதே சரி என்பது என் முடிவு. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி. அதே வழியில் சுழல் என்பதிலிருந்து சுழற்சி. சுழி, சுழல், சுழற்று எல்லாம் ஒரே குடும்பம். குளச்சல் கடலில் ஆளை இழுப்பதும் சுழிதான், பற்றுவரவு நோட்டின் முதல் பக்கத்தில் போடுகிற பிள்ளையார் சுழியும் சுழிதான். வட்டம் என்ற சொல்மேல் எனக்குப் பகை இல்லை. கோதையாறும் பறளியாறும் வளைத்துச் சுற்றுவதால்தானே திருவட்டாறு. ஆனால் வட்டம் என்பது வரைந்து முடித்த உருவம். சுழற்சி என்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே நமக்கு வேண்டியது நடப்பது.

ஓர் எச்சரிக்கை. சொற்களை முன்பின் மாற்றிப் 'பொருளாதாரச் சுழற்சி' என்று எழுதினால் அது வேறு: சந்தை ஏறி இறங்கி, மறுபடி ஏறுகிற போக்கைக் குறிக்கும். 'மறுசுழற்சிப் பொருளாதாரம்' என்று எழுதுவதும் தவறு. மறுசுழற்சி என்பது பழையதை உருக்கியோ அரைத்தோ வேறாக்குவது. சுழற்சிப் பொருளாதாரத்தில் அது கடைசிப் படி. லாரி டயர் தேய்ந்தால் உள்கூடு நன்றாக இருக்கும்வரை மேல்பட்டையை மட்டும் புதிதாக ஒட்டி ரீடிரெடிங் செய்து ஓட்டலாம்; அது அதற்கு முந்தைய படி. அதையும் தாண்டிப் போனபிறகுதான் அரைத்துத் தூளாக்குவது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ரீடிரெடிங் பட்டறைக்காரரின் வேலை கண்ணில் படாமல் போய்விடும்.

இனி தும்பு ஆலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் முழு நீள அகலமும் அங்கே இருக்கிறது.

தேங்காய் உரித்தால் வருவது கதம்பல். விளவங்கோட்டுப் பக்கம் தொண்டு என்பார்கள். கதம்பலை அடித்தால் தும்பு. தும்பைத் திரித்தால் கயிறு. ஆங்கிலத்தில் காயர் என்று வழங்குவதும் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய இந்தச் சொல்தான். கதம்பலின் எடையில் தும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சம், பழுப்பு நிறத்தில் உமிமாதிரி உதிர்கிறது. அதற்குப் பெயர் சோறு. கேரள எல்லை தாண்டினால் சகிரிச்சோறு.

இந்தச் சோறுதான் வெகுகாலம் ஆலைக்காரர்களின் தலைவலி. லிக்னின் என்ற கடினமான மரச்சத்து அதிகம் என்பதால் லேசில் மக்காது. ஆலை ஓரங்களில் குன்றுமாதிரி குவிந்து கிடக்கும், மழைக்கு அதிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் சாறு இறங்கிக் கிணற்றில் சேரும், கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் உள்ளே கனலும். பிறகு இரண்டு வழி பிறந்தது. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகத் தூவி நனைத்து வைத்தால் ஒரு மாதத்தில் உரமாகிறது. 112-க்கு 1 என்றிருக்கும் கரி–தழைச்சத்து (கார்பன்–நைட்ரஜன்) விகிதம் 24-க்கு 1 என்று இறங்குகிறது; இறங்கினால் மக்கிவிட்டது என்று பொருள். மற்றொன்று, சோற்றைக் கழுவிக் காயவைத்து அழுத்தி 5 கிலோ பிளாக்காக ஏற்றுமதி செய்வது. தண்ணீர் ஊற்றினால் அந்தச் செங்கல் ஊதி ஒரு பெரிய தொட்டியை நிரப்பும். கழுவுவது உப்பை எடுக்க. உப்பின் அளவை மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். மீட்டர் காட்டுவது ஈசி, அதாவது மின்கடத்துதிறன்; உப்பு கூடினால் அதுவும் கூடும். 'லோ ஈசி', 'ஹை ஈசி' என்றுதான் விலை பேசுவது.

கூட்டத்தில் இதைப் பெரிய வெற்றியாகச் சொன்னார்கள். தொழிலுக்கு வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லின் பொருளை இறுக்கிப் பிடித்தால் ஒரு நெருடல் உண்டு. ஈத்தாமொழித் தேங்காய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த மண்ணின் பெயரால்தான் அதற்கு மதிப்பு. அதே மண்ணின் சாம்பல் சத்து (பொட்டாஷ்) கதம்பலோடு கப்பலேறிப் போய் வேறெங்கோ தக்காளிக்கு உதவுகிறது. இங்கே தென்னைக்குப் பொட்டாஷ் மூட்டை கடையில் வாங்கிப் போடுகிறோம். லோ ஈசி ஆக்குவதற்கு நல்ல தண்ணீரும் ஏராளமாகப் போகிறது. என் அப்பா காலத்தில் தென்னையைச் சுற்றிக் குழி எடுத்து, கதம்பலை உட்குழி மேலே பார்க்க அடுக்கிப் புதைப்பார்கள். சில வருடத்துக்கு அது மழைத்தண்ணியைப் பிடித்துவைத்துக் கொடுக்கும். சுழற்சி என்ற சொல்லுக்கு அந்தக் குழிதான் நெருங்கிய உதாரணம்.

அதற்காகப் பழையதெல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. மணக்குடிக் காயலில் கதம்பலை மாதக்கணக்கில் ஊறப்போட்ட காலத்து நாற்றம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஊறும் தண்ணீரில் மீனும் நிற்காது. தும்பு தங்கமாதிரி வரும், காயல் கறுத்துப் போகும்.

திரும்பி வருவதெல்லாம் நல்லதும் அல்ல. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் கடையில் கருத்த எண்ணெயை முன்பெல்லாம் பக்கத்து வடைக்கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். அதுவும் ஒரு சுற்றுதான். வயிற்றைக் கெடுக்கிற சுற்று. 2018 ஜூலை முதல், எண்ணெயில் சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. இப்போது சில கடைகளில் பின்பக்கம் தனி கேன் வைத்து, பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறார்கள். காயின் தொலி வழக்கம்போல ஆட்டுக்கு.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம்: கழிவு. கழி என்றால் நீங்கு, குறை. அதனால்தான் பழைய விலைப்பட்டியல்களில் தள்ளுபடியையும் கழிவு என்று எழுதினார்கள். வேண்டாததற்கு ஒரு பொதுச்சொல்லாக அது இன்று நிற்கிறது. ஆனால் குமரிக்காரர் வாயில் மிச்சத்துக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. கதம்பல், சோறு, சிரட்டை, கொதும்பு (பாளை உறை), சில்லாட்டை (பன்னாடை), பிண்ணாக்கு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குச் சிரட்டைதான் கிண்ணம். சிரட்டையிலும் வெட்டிலும் ஒட்டிக் காய்ந்த பால் 'ஒட்டுப்பால்'. அதற்கென்று சந்தையில் தனி விலை ஓடும். பால் வற்றிய மரம் கூட விறகோடு முடிவதில்லை, பூச்சி அரிக்காமல் பதப்படுத்தி மேசை நாற்காலி ஆகிறது. பெயர் இருக்கிற மிச்சத்துக்கு வாங்குகிறவனும் இருக்கிறான். கொட்டாங்குச்சி என்று வெளியூர்க்காரர் சொல்லும்போது ஏதோ குப்பை ஞாபகம் வருகிறது. சிரட்டை என்றால் எனக்கு மூட்டைக்கு என்ன விலை என்றுதான் தோன்றுகிறது. இது வெறும் ஊர்ப்பாசமாகவும் இருக்கலாம்.

'சஸ்டெய்னபிள்' என்ற கூட்டாளிச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் 'நீடித்த', இலங்கையில் 'நிலைபேறான', 'பேண்தகு' என்று வழங்குகிறார்கள். பேண்தகு அழகு. ஆனால் கடைக்காரரிடம் பேச 'நீடித்து நிற்கிற' என்பதே போதும்.

அரசின் பக்கமும் இச்சொல் இப்போது பணமாக மாறியிருக்கிறது. 2023 இறுதியில் ஒன்றிய அரசு அறிவித்த 'ஸ்பைஸ்' திட்டத்தில் பிளாஸ்டிக், ரப்பர், மின்கழிவுத் துறைகளின் குறு, சிறு தொழில்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரையுள்ள திட்டச் செலவில் 25 சதவீதம், உச்சமாக 12.5 லட்சம், மூலதன மானியம். ரப்பர் இருக்கிறதால் நம் மாவட்டத்துக்காரர் கவனிக்க வேண்டியது. விண்ணப்பத்தில் என்ன தமிழ்ச் சொல் வந்தாலும் இதுதான் விஷயம் என்று தும்பு ஆலைக்காரரிடம் சொன்னேன். "அப்ப தும்புக்கு இல்லியா?" என்றார். இல்லை. கூட்டம் முடிந்து, அமைப்பாளர்களிடம் கேட்டு அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். சோறு நனையாமல் மூட ஆகுமாம்.

கடைசியாக ஆக்கர். சென்னையில் காயலான்கடை என்பதை நாம் ஆக்கர் கடை என்போம், மலையாளத்தில் ஆக்ரி. 'ஆக்குகிறவர் ஆக்கர்' என்று பிரித்துக் காட்டினால் மேடையில் கைதட்டு விழும், ஆனால் அது சொல்லாராய்ச்சி ஆகாது. எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை ஆக்கர்காரர் வருவார். பேப்பர், பித்தளை, இரும்பு, பால் கவர் எல்லாம் பிரித்துப் பிரித்துத் தராசில் போடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு விலை. போன வாரம் அடியில் கிடந்த ஷாம்பூ பாக்கெட்டையும் உள்ளே பளபளக்கிற சிப்ஸ் உறையையும் கையால் ஒதுக்கித் திண்ணையிலேயே வைத்தார்.

"இது வேண்டாமா?"

"இதுக்குப் பேரே இல்ல சாரே. கவர், அவ்வளவுதான்."