ஃபிரிட்ஜ் காந்தத்தின் ஒட்டாத பக்கம்

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத் தாள் பின்பக்கம் மட்டும் நன்றாக ஒட்டுகிறது, படம் அச்சடித்த பக்கம் ஏன் ஒட்டுவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காந்தப்புலம் ஒரு பக்கத்தில் மட்டும் குவியும்படி செய்வதுதான் அங்கே உள்ள வித்தை. இதே வித்தையைத்தான் லேசர் கட்டுபவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஃபெலிக்ஸ் என்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர் இருக்கிறது. முனைகள் மாறி மாறி வரும் காந்த வரிசைகளுக்கு நடுவே எலக்ட்ரான்களைப் பாய்ச்சினால் அவை பாம்பு போல நெளிந்து ஓடும். நெளியும்போது ஒளி பிறக்கும். இந்தக் காந்த அமைப்புக்கு அன்டுலேட்டர் என்று பெயர். ஃபெலிக்ஸில் ஒரு நெளிவின் நீளம் 65 மில்லிமீட்டர். 1.5 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடுவதால் எழும் சார்பியல் விளைவால் அது சுமார் 35 மைக்ரோமீட்டர் அலையாகச் சுருங்கிவிடுகிறது. காந்தப்புலத்தைக் கூட்டினால் நெளிவு அகலமாகி, எலக்ட்ரான் முன்னேறும் வேகம் ஒரு துளி குறையும். அலைநீளம் 150 மைக்ரோமீட்டர் வரை நீளும். அதுதான் கண்ணுக்குத் தெரியாத தொலை அகச்சிவப்பு ஒளி.

சிக்கல் இங்கேதான். நீண்ட அலை சீக்கிரம் விரிந்துவிடும். அது காந்தத்தில் இடிக்காமல் போக மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும். ஆனால் இடைவெளி கூடக் கூடப் புலம் மளமளவென்று சரியும்.

சரி, என்ன செய்வது? அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கிளவுஸ் ஹால்பாக் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் காந்தத்தின் வடமுனை மேலே பார்க்கட்டும். அடுத்தது பக்கவாட்டில், அதற்கடுத்தது கீழே, பிறகு மறுபக்கவாட்டில். ஒவ்வொன்றும் ஒரே திசையில் கால் சுற்று திரும்புகிறது; நான்கு காந்தம் சேர்ந்தால் ஒரு நெளிவு. நிற்கும் காந்தங்களின் புலமும் படுத்திருக்கும் காந்தங்களின் புலமும் வரிசையின் ஒரு பக்கத்தில் கூடுகின்றன, மறுபக்கத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன! நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் கலந்த வலுவான காந்தங்கள் பக்கத்துக் காந்தத்தின் புலத்தை ஏறக்குறைய கலைக்காமல் விடுவதால், தனித்தனிப் புலங்களை அப்படியே கூட்டினாலே விடை வந்துவிடும். வலுவான பக்கங்கள் எதிரெதிரே பார்க்கும்படி இரண்டு வரிசைகளை வைத்தால் அன்டுலேட்டர் தயார்.

ஃபிரிட்ஜ் தாளிலும் காந்தத் திசை இப்படித்தான் மாறி மாறிப் பதிக்கப்படுகிறது. 1973இல் காந்தப் பதிவுத் துறை ஆய்வாளர் ஜான் மல்லின்சன் இந்த ஒருபக்கப் புலத்தைப் பற்றி எழுதியபோது அதை ஒரு விந்தையாகத்தான் முன்வைத்தார். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டுவிட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு வசதியும் உண்டு. இந்த லேசரின் நிறத்தை மாற்ற ஒரு காந்தத்தைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு வரிசைகளையும் மோட்டாரால் கொஞ்சம் நெருக்கினால் அலைநீளம் கூடும், விலக்கினால் குறையும்.