சிரிப்பு யாரைப் பார்த்து?

சக்கர நாற்காலியில் வந்தவரை விட்டுவிட்டு, தள்ளிக்கொண்டு வந்தவரிடம் "இவருக்கு என்ன வயசு?" என்று கேட்பார்கள். இயன்முறை சிகிச்சையாளராக இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. (வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிக் கேட்டவன்தான்.) "இது தவறு" என்று கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையே ஒரு நிமிட அனிமேஷனாகப் போட்டால், மாட்டிக்கொண்ட மாதிரி அசடு வழியச் சிரிப்பார்கள்.

பிரிட்டனில் லெனார்ட் செஷயர் தொண்டு நிறுவனமும் ஆர்ட்மேன் அனிமேஷன் ஸ்டுடியோவும் சேர்ந்து 2007-இல் 'க்ரீச்சர் டிஸ்கம்ஃபர்ட்ஸ்' என்ற குறும்படங்களைக் கொண்டுவந்தன. மாற்றுத்திறனாளிகள் பேசியதை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, அதற்கு வாயசைக்கும் பொம்மை விலங்குகளைச் செய்தார்கள். மனிதரைக் காட்டினால் நம் கண் முதலில் காலுக்கும் கைக்கும் போகும், பின்னாலேயே "ஐயோ பாவம்" வந்து உட்கார்ந்துகொள்ளும். பொம்மையிடம் அது எடுபடாது. அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்கத் தொடங்குவோம்.

தடுமாறும் நடையையோ திக்கும் பேச்சையோ வைத்துச் சிரிக்கவைத்தால், பொம்மை போட்டாலும் அது பழைய கேலிதான். சிரிக்கவேண்டியது எதிரில் நிற்பவரைப் பார்த்து: கேட்காமலே நாற்காலியைத் தள்ள வருபவர், பார்வையற்றவரிடம் உரக்கக் கத்துபவர், சாய்தளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்துபவர். இதையெல்லாம் நாம் யோசித்து எழுதவேண்டியதில்லை. அனுபவித்தவர்களை எழுதவிட்டால் நம்மைவிடக் குத்தலாக எழுதுவார்கள்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். ஒரு பயிற்சி வகுப்பில் நாங்கள் தயாரித்த படத்தைப் போட்டோம். அறையே சிரித்தது. முன்வரிசையில் இருந்த பார்வையற்றவர் மட்டும் பக்கத்தில் திரும்பி "என்ன, என்ன ஆச்சு?" என்றார். நகைச்சுவை முழுக்கக் காட்சியில், ஒலியிலோ வெறும் இசை. பக்கத்துக்காரர் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

அப்புறம் காட்சியில் நடப்பதைச் சொல்லும் விவரிப்புக் குரல் சேர்த்தோம். அதில் நேரம்தான் எல்லாம். படத்தில் நாய் கதவில் முட்டிய பிறகு "முட்டுகிறது" என்று சொன்னால், அவர் இரண்டு நொடி தாமதமாகத் தனியே சிரிப்பார். திரையின் கீழே வரும் வசனவரியில் சிக்கல் நேரெதிர்: முழு வரியையும் ஒரேயடியாகக் காட்டினால், அதைப் படிக்கும் காது கேளாதவர் எல்லோருக்கும் முன்பே சிரித்து முடித்திருப்பார். வரியை இரண்டாக உடைத்து, கடைசிச் சொல்லைத் தனியே விட்டோம்.

திருத்திய படத்தை முதலில் அந்த முன்வரிசைக்காரருக்குத்தான் போட்டோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்போ புரியுது. ஆனா ஜோக் சுமார்தான்" என்றார்.