பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை

ஆங்கிலத்தில் 'பிளை' என்றால் மடிப்பு, அடுக்கு. மடிப்பதைக் குறிக்கும் 'பிளிகாரே' என்ற லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக இப்படி வந்து சேர்ந்தது. நூலில் டூ-பிளை, த்ரீ-பிளை என்பதும் இதே சொல்தான். 1905இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து கண்காட்சியில் இந்தப் பலகையை வைத்தபோது 'மூன்றடுக்கு வெனீர் வேலை' என்றுதான் அழைத்தார்கள் (வெனீர் என்றால் மெல்லிய மரத்தகடு). 'பிளைவுட்' பரவலானது அதற்குப் பிறகு. பொருள் மட்டும் மிகப் பழசு. எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிடில் ஆறடுக்கு மரத்தாலான சவப்பெட்டி கிடைத்திருக்கிறது. அதன் அடுக்குகளைப் பிணைத்தவை மர ஆணிகள். ஆகவே அது பிளைவுட், ஆனால் ஒட்டுப்பலகை அல்ல!

தமிழில் 'அடுக்குப்பலகை' என்றும் எழுதலாம், தவறில்லை. இருந்தாலும் 'ஒட்டுப்பலகை'தான் சரி. பலகையின் ஆயுளைத் தீர்மானிப்பது அடுக்கின் எண்ணிக்கையைவிட நடுவில் இருக்கும் ஒட்டு. 'வுட்' என்பதற்காக 'ஒட்டுமரம்' என்று பெயர்த்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புதான் நினைவுக்கு வரும். சந்தூர் நர்சரிகளில் விற்பதே ஒட்டுக்கன்றுதானே.

மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. அதனால்தான் ஒவ்வொரு தகட்டையும் முந்தையதற்கு 90 பாகை திருப்பி ஒட்டுகிறார்கள். ஒன்று நகரப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அடுக்குகள் 3, 5, 7 என ஒற்றைப்படையில் வந்தால்தான் இருபுறமும் இழுவை சமமாகி, பலகை வளையாது.

இனி பசை. தருமபுரி, ஒசூர் கடைகளில் 'கமர்ஷியல்' என்று கேட்டால் கொடுப்பது எம்.ஆர். (ஈரப்பதம் தாங்கும்) தரம். பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசை. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் பசையே சிதைந்து அடுக்கு பிரியும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொதுவாகக் கேட்காமல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் தரம்) அல்லது ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) மரைன் என்று கேளுங்கள். ஐ.எஸ். 710 பலகை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும். இவற்றில் பினால் பசை வழக்கம். ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, சாயம் கலக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இன்னும் சந்தேகமென்றால் 2 அங்குலத் துண்டை வெளியில் அடுப்பு வைத்து (சமையலறையில் வேண்டாம், நெடி கண்ணைக் கரிக்கும்) 4 மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுக்குகளுக்கு நடுவே உளியை விட்டுத் தட்டுங்கள். வழுவழுவென்று பிரிந்து வந்தால் ஒட்டு போச்சு. மரநார் கிழிந்துகொண்டு வந்தால் நல்ல பலகை.

முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி. 19 மி.மீ. தடிமன் என்றால் 35 முதல் 40 கிலோ வரும். வீட்டோரம் 10 அடிக்கு 10 அடிக் கொட்டகையில் அதைத் திருப்பவே இடம் இருக்காது, கடையிலேயே மூன்றாக அறுத்து வாங்குவது புத்திசாலித்தனம். சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகையில் சித்திரை வெயிலுக்குச் சுவரில் சாய்த்து வைத்த பலகை வில்லாகும். தரையிலிருந்து உயர்த்தி, மூன்று சட்டங்களின் மேல் படுக்கப் போடுங்கள். கரையானுக்கும் அதுவே முதல் காப்பு.

கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறும். ஆகவே மேல்முகம்தான் பிசிறும். நல்ல முகத்தைக் கீழே வையுங்கள். கைரம்பத்துக்கு நேர்மாறு. வெட்டுக்கோட்டைக் கத்தியால் முதலில் கீறிவிட்டால் பிசிறு பாதி குறையும். ஓரத்தில் திருகாணி நேராக ஏற்றினால் அடுக்கு பிளக்கும்: 19 மி.மீ. பலகையில் 4 மி.மீ. திருகாணிக்கு 2.5 முதல் 3 மி.மீ. முன்துளை போட்ட பிறகே ஏற்ற வேண்டும்.

மைக்காவை (மேலே ஒட்டும் லேமினேட் தாள்) ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒட்டாத பக்கம் ஈரம் குடித்து விரிய, கதவு வளைந்து தாழ்ப்பாள் சேராது. மறுபக்கம் லைனர் என்னும் மெல்லிய உள்பக்கத் தாளாவது வேண்டும். மரைன் பலகையானாலும் அறுத்த ஓரத்தில் உள்ளமரம் திறந்துதான் கிடக்கும். தொட்டிக்குக் கீழ் வரும் அலமாரியில் அந்த ஓரத்தை எட்ஜ் பேண்டோ (ஓரப்பட்டை) இரண்டு கை பெயின்டோ கொண்டு மூடாமல் பொருத்தாதீர்கள்.

இதன் பங்காளிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்ட்டிகிள் போர்டு துகள்பலகை, எம்.டி.எஃப். நார்ப்பலகை, பிளாக்போர்டு (கரும்பலகை அல்ல, 'பிளாக்' என்றால் இங்கே கட்டை) நடுவில் கட்டைகள் வைத்தது, நீளக் கதவுக்கு நல்லது. டபிள்யூ.பி.சி. மரத்தூளும் நெகிழியும் கலந்தது. கரையான் தொடாது, தண்ணீர் ஏறாது. ஆனால் வெயிலில் இளகும், பாரம் ஏற்றிய நீள அலமாரித் தட்டு தொய்ந்துவிடும். அங்கே 19 மி.மீ. ஒட்டுப்பலகையே போடுங்கள்.