பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாசம் களக்காடு பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்திருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். சவூதியில் தம்மாம் நகரத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, இப்போது ஆஸ்திரேலியாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்க முயற்சி செய்கிறார். “பி.சி.சி. எடுத்தாச்சு தம்பி” என்று ஒரு தாளை நீட்டினார். நம் மேல் குற்ற வழக்கு இல்லை என்கிற போலீஸ் சான்றிதழைத்தான் பி.சி.சி. என்பார்கள். வாங்கிப் பார்த்தால் அது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுத்த சரிபார்ப்பு அறிக்கை. வாடகைக்கு ஆள் வைக்கவும் உள்ளூரில் வேலைக்குச் சேரவும் அது போதும், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஆகாது. யாரோ ஒரு ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

வெளிநாட்டில் வசிப்பதற்குக் கேட்கிற பி.சி.சி.யைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தரும். இணையத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டு, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போக வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலைய சேவா கேந்திரங்களிலும் வாங்குகிறார்கள். எந்த நாட்டுக்கு என்று அந்தச் சான்றிதழிலேயே போட்டு வரும், அதனால் கனடாவுக்கு எடுத்ததை ஆஸ்திரேலியாவுக்குக் கொடுக்க முடியாது. டூரிஸ்ட் விசாவுக்கு இது கிடையாது. நம்ம பக்கத்தில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி மாவட்டம், ஆதாரில் தென்காசி மாவட்டம் என்று இருப்பவர்கள் கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் ஏராளம். விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தையும் உங்கள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அந்த ஸ்டேஷனையும் சரியாகப் போடுங்கள், இல்லையென்றால் ஃபைல் அங்குமிங்கும் சுற்றும்.

சரி, இதெல்லாம் எப்படியும் முடிந்துவிடும். அண்ணாச்சிக்கு உண்மையான கஷ்டம் சவூதிச் சான்றிதழில்தான் இருந்தது. கடைசிப் பத்து வருஷத்தில் மொத்தம் பன்னிரண்டு மாசம் எந்த நாட்டில் இருந்திருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் ஆஸ்திரேலியா கேட்கும். கனடாவுக்கோ தொடர்ந்து ஆறு மாசம் இருந்தாலே போதும், கேட்டுவிடுவார்கள். இது தெரியாமல் ஊர்ச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருக்கிறவர்களைத்தான் வாரா வாரம் பார்க்கிறேன்.

சவூதிச் சான்றிதழை அங்கே இருக்கும்போதே கேட்டால் சின்ன வேலை. ஊருக்கு வந்த பிறகு என்றால் பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்த ரேகைத் தாள், அதற்கு முத்திரைகள், விண்ணப்பம் போட்டிருப்பதற்கான ஆதாரம், அங்கே நேரில் போய்க் கொடுக்க ஓர் ஆள் என்று நீண்டுகொண்டே போகும். அண்ணாச்சிக்கு ரேகையே எழும்பவில்லை. வருஷக்கணக்காக சிமெண்டிலும் டைல்ஸ் பசையிலும் கிடந்த விரல்கள், நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது, தாளில் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் விழுந்தது. இரண்டு வாரம் வேலைக்குப் போகாதீர்கள், ராத்திரி தேங்காய் எண்ணெய் தேயுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கொத்தனார், டைல்ஸ்காரர், பீடி சுற்றுகிற பெண்கள், யாராக இருந்தாலும் ரேகை எடுக்கும் நாளுக்கு முன்னால் விரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பழைய பாஸ்போர்ட். புதுசு வாங்கும்போது பழையதை மூலையை வெட்டிக் கொடுத்ததும் இனி எதற்கு என்று பரணில் போட்டுவிடுகிறோம், இல்லை தொலைத்துவிடுகிறோம். அங்கே இருந்ததற்குச் சாட்சியான விசாப் பக்கமும் போய் வந்த முத்திரைகளும் அதில்தான் இருக்கின்றன. இகாமா என்கிற சவூதி வசிப்பு அனுமதி அட்டையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். இப்போது வளைகுடாவில் இருக்கிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால், எக்ஸிட் அடித்து ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இந்த நகல்களை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சான்றிதழையே இப்போதே வாங்கி வைக்கலாமா என்று கேட்பீர்கள். உடனே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆனால் ஆஸ்திரேலியா பன்னிரண்டு மாசத்துக்கு மேல் பழையதை ஏற்காது, கனடாவோ அந்த நாட்டில் கடைசியாக வசித்து முடித்த பிறகு கொடுத்த சான்றிதழைத்தான் எதிர்பார்க்கும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் இசக்கி என்று பெயரில் இருப்பவர்கள் எத்தனை பேர்! ஆங்கிலத்தில் ஒருத்தர் ஐ போட்டு எழுதுவார், ஒருத்தர் இ போட்டு, ஒரு கே, இரண்டு கே, பிறகு அது அரபிக்குப் போய்த் திரும்பி வரும்போது வேறு பெயராகவே வந்து நிற்கும். இனிஷியல் சில இடத்தில் அப்பா பெயராக விரிந்திருக்கும், சில இடத்தில் இருக்காது. விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கிற கட்டத்தில் எல்லா எழுத்துமுறையையும் போட்டுவிடுங்கள், கூடவே எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம்.

வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள், இதை என்னிடம் வருகிற எல்லாரிடமும் கெஞ்சியே சொல்கிறேன். கூடங்குளம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான பேர் மேல் வழக்குப் போட்டார்கள், அதனால் பாஸ்போர்ட்டுக்கே அலைந்த இளைஞர்கள் இடிந்தகரைப் பக்கம் இருந்தார்கள். வழக்கு முடிந்திருந்தாலும் வாபஸ் ஆகியிருந்தாலும் கோர்ட்டில் சான்றிட்ட நகல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிற இடத்தில் உண்மையை எழுதுங்கள். வழக்கைவிட மறைத்ததுதான் விண்ணப்பத்தை அடியோடு கெடுக்கும்.

அண்ணாச்சி போன திங்கட்கிழமை திரும்ப வந்தார். எட்டு விரல் தெளிவாக விழுந்துவிட்டது. இரண்டு கட்டைவிரலுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.