கருமுட்டை இல்லை, சினைமுட்டை

அக்கா மகள் ஒரு தாளோடு வந்தாள். குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் கொடுத்தது, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. 'எடுத்த கருமுட்டைகள் 9. முதிர்ந்தவை 6. அசாதாரணக் கருமுட்டைகள் 3.' கண் கலங்கிக் கேட்டாள்: "மூணு கரு கெட்டுப்போச்சா சித்தி?"

கெட்டுப்போக அங்கே கருவே இல்லை. விந்தணு இன்னும் அந்த முட்டைகளின் பக்கமே வரவில்லை.

ஆங்கிலத்தில் 'ஓவம்', 'ஊசைட்' என்பதைத்தான் தமிழில் கருமுட்டை என்று எழுதுகிறார்கள். 'ஓவம்' என்ற லத்தீன் சொல்லுக்கு முட்டை என்றுதான் பொருள். 'ஊசைட்' கிரேக்க வேரிலிருந்து வந்தது, முட்டைக்கலம். இரண்டிலும் கரு கிடையாது. நம் ஊரில் கரு உண்டானது, கரு கலைந்தது என்றால் உயிர் உருவாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 'கருவாகப் போகும் முட்டை என்று விரித்துக்கொள்ளலாமே, கருப்பை என்கிறோமே' என்பார்கள். கருப்பை கருவைத் தாங்கும் பை, சரி. முட்டையோ விந்தணு சேர்ந்தால்தான் கரு. முன்பே கரு என்று சொல்லிவிட்டால் சேர்ந்த பிறகு எதைச் சொல்வது? முட்டை தானமும் கரு தானமும் வேறு வேறு. குழந்தைப்பேறு சிகிச்சை பற்றிய 2021 இந்தியச் சட்டப்படி முட்டை தானம் செய்பவருக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை, அதிலும் 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 'கருமுட்டை தானம்' என்று படிக்கிறவர் எதைத் தருவதாக நினைப்பார்?

பாடநூலின் 'அண்டம்' வேண்டாம், அது வானத்தைப் பார்க்க வைக்கிறது. நான் சொல்வது சினைமுட்டை. மீன் வாங்கும்போது "சினை இருக்கா?" என்று கேட்கிறோமே, அந்தச் சினை. மீன் வயிற்றில் இருப்பது கருவுறாத முட்டைதான். 'சினைமாடு என்றால் வயிற்றில் கன்று இருக்கிற மாடாயிற்றே, பெண்ணுக்கு அதைச் சொல்லலாமா?' என்றும் கேட்கிறார்கள். முட்டையோடு சேரும்போது மீனின் பொருள்தான் முந்தி நிற்கும். சினைப்பை நீர்க்கட்டி என்று இன்று எல்லாப் பெண்களும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள், அப்புறம் என்ன?

இன்னொரு தவறு 'அசாதாரணம்'. அசாதாரணத் திறமை என்றால் பாராட்டு. அதையே முட்டைக்குப் போட்டால் என்ன புரியும்? அதோடு, இரண்டு வேறு சங்கதிகளை அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. உறை தடித்தது, உள்ளே குமிழி இருப்பது எல்லாம் வடிவ மாற்றம். நுண்ணோக்கியில் தெரியும், அப்படிப்பட்ட முட்டையும் சில நேரம் கருவாகும். 23 குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் கூடுவதோ குறைவதோ எண்ணிக்கைப் பிறழ்வு. வயது ஏற ஏறக் கூடுவது இதுதான், பார்வைக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பவர் எது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்பதே இல்லை. சிலர் 'தரமற்ற முட்டை' என்றே எழுதிவிடுகிறார்கள், கடைச்சரக்கைச் சொல்வது போல. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா?

தாளின் பின்பக்கம் ஆய்வகக் குறிப்பு இருந்தது. அதைப் பார்த்து ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'சினைமுட்டை 9. முதிர்ந்தவை 6. உள்ளே குமிழி உள்ளவை 2. அளவுக்கு மீறிப் பெரியது 1, அதைப் பயன்படுத்த மாட்டார்கள்.'

இரண்டு தடவை படித்தாள். "அப்போ ஆறு இருக்கு" என்றாள்.