பதினான்கும் பதினைந்தும் இடம் மாறியிருந்தன

நான் முதன்முதலாகப் பள்ளியில் புதிர் நாள் நடத்தியபோது நடந்தது இது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் எண்கட்டைப் பலகை. பதினாறு கட்டங்கள், பதினைந்து கட்டைகள். காலியாக இருக்கும் ஒரே கட்டத்தை வைத்து நகர்த்தி நகர்த்தி 1 முதல் 15 வரை வரிசைப்படுத்த வேண்டும். அரைமணி நேரமாக அவள் எழுந்திருக்கவே இல்லை. மேலே மூன்று வரிசையும் சரியாக வந்துவிட்டன. கடைசி வரிசை மட்டும் 13, 15, 14 என்று நின்றது. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மறுபடியும் 13, 15, 14. மணி அடித்ததும் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது மிஸ், அதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் எல்லாவற்றையும் எடுத்துவைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் அந்தப் பலகை கைதவறி விழுந்து கட்டைகள் சிதறின. அவசரத்தில் கையில் அகப்பட்ட வரிசையில் அவற்றைத் திரும்பச் செருகியவள் நான். அந்தக் கட்டைகளைக் கழற்றி இஷ்டத்துக்கு மாட்டினால், சரிபாதி நிலைகளில், வெறுமனே நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவரவே முடியாது. 1879-லேயே கணித ஆய்விதழ் ஒன்றில் நிரூபித்துவிட்டார்கள். பின்னாளில் சாம் லாய்ட் என்ற அமெரிக்கப் புதிர் வல்லுநர், 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றிக் காட்டினால் 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். யாராலும் வாங்கவே முடியாத பரிசு அது. என் மாணவி அந்த இடத்தில்தான் தனியாக அரைமணி நேரம் போராடியிருக்கிறாள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி, ஏன் முடியாது என்பதையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் முடிச்சுட்டேனா மிஸ்?" என்று கேட்டாள். முடித்துவிட்டாள்தான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க, தன்னால் முடியாது என்ற நினைப்போடு தூங்கியிருக்கிறாள். அதை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

புதிர் நிகழ்ச்சி நடத்தும் ஆசிரியர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிள்ளை திணறுவது நல்லது. அந்தத் திணறலுக்காகத்தான் புதிரையே கையில் கொடுக்கிறோம். ஆனால் புதிரில் பிழை இருந்தால் பிள்ளை புதிரைச் சந்தேகிக்காது, தன்னைத்தான் சந்தேகிக்கும். அதனால் மேசைக்குப் போகிற ஒவ்வொன்றையும் முதல்நாளே நாம் உட்கார்ந்து கடைசிவரை போட்டுப் பார்த்தாக வேண்டும். ரூபிக் கனசதுரத்தை யாராவது கழற்றி மாட்டியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மாட்டிய நிலைகளில் பன்னிரண்டில் ஒன்றுதான் ஒழுங்காகச் சேரும். கையால் தயாரித்த சுடோகு தாள்களில் பல சமயம் இரண்டு விடை வந்துவிடும். சரியாகப் போட்ட பிள்ளைக்கு நாம் தப்பு என்று சொல்லிவிடுவோம். 9×9 கட்டத்தில் ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும். 17 கொடுத்துவிட்டாலே ஒரே விடைதான் வரும் என்றும் இல்லை. போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது, முதலில் முடிப்பவருக்குப் பரிசு. இதை நான் முழுக்க நிறுத்திவிட்டேன். அந்த முதல் வருடம் கடிகாரம் வைத்துதான் நடத்தினேன். எல்லா மேசையிலும் அதே நான்கு பேர் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது மேசைக்கு வருவதற்குள் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நிதானமாக யோசிக்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் யாரோ "முடிச்சாச்சு!" என்று கத்துவதைவிடப் பெரிய தடை இல்லை.

இப்போது மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறேன். நான்கு பேர் என்றால் ஒருவர் சும்மா இருந்துவிடுகிறார். ஒரு மேசைக்கு இருபது நிமிடம். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பிறகு வந்து தொடரலாம்.

ஹனோய் கோபுரத்தை மட்டும் எந்த ஆண்டும் விடுவதில்லை. 1883-ல் பிரெஞ்சுக் கணிதவியலர் எதுவார் லூக்கா வெளியிட்டது. மூன்று கம்பு, அட்டையில் வெட்டிய சில வட்டங்கள் போதும். ஒரு கம்பில் பெரியது கீழே, சின்னது மேலே என்று அடுக்கிய வட்டங்களை அப்படியே இன்னொரு கம்புக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டம்தான் நகரலாம், சின்னதன்மேல் பெரியது உட்காரக் கூடாது. மூன்று வட்டத்துக்குக் குறைந்தது 7 நகர்வு, நான்குக்கு 15. ஒருமுறை, எதிலும் வாய் திறக்காத ஒரு பையன் தாளின் பின்பக்கம் 1, 3, 7, 15 என்று எழுதிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்திலிருந்தவனிடம் மெதுவாக, "அஞ்சுக்கு முப்பத்தொண்ணு வரும் பாரு" என்றான். "எப்படிடா?" "ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டு." மூவரும் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நகர்த்தினார்கள். முப்பத்தொன்று. கடிகாரம் ஓடியிருந்தால் அவன் அந்தத் தாளைத் திருப்பியே இருக்க மாட்டான்.

உதவிக்கு வரும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறோம், ஆனால் அந்த நொடியே புதிர் நம்முடையதாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மேசையிலும் மடித்த துண்டுச்சீட்டு மூன்று வைக்கலாம். முதல் சீட்டில் ஒரு கேள்வி மட்டும்தான் இருக்கும். புலி, ஆடு, புல்லுக்கட்டை ஆற்றைக் கடத்தும் மேசையில் நான் எழுதிவைப்பது இது: "அக்கரைக்குக் கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று எங்காவது சொல்லியிருக்கிறதா?" பாதிப் பேர் இரண்டாவது சீட்டைத் தொடுவதே இல்லை.

விடையே இல்லாத புதிர் ஒன்றையும் இப்போது தெரிந்தேதான் வைக்கிறேன். "இன்று ஒரு மேசையில் இருப்பதைச் செய்யவே முடியாது, எது என்று கண்டுபிடித்து, ஏன் என்று சொல்லுங்கள்" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவேன். தரையில் சாக்பீஸால் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வரைந்துவிட்டால் போதும். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து எல்லாப் பாலத்தையும் முடிக்க வேண்டும். பிள்ளைகள் நடந்து நடந்து பார்ப்பார்கள். நான்கு நிலப்பகுதியிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் பாலங்கள் சேர்கின்றன. உள்ளே வந்தால் வெளியே போக ஒரு பாலம் வேண்டுமே என்று யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். கணிதமேதை ஆய்லர் 1736-ல் சொன்னதும் இதைத்தான். முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்கிற பிள்ளையின் முகத்தில் தோல்வியின் சாயலே இருக்காது.

சில்லறை விஷயங்கள் சில. துண்டுகளைச் சேர்க்கும் புதிர்களில் ஒவ்வொரு செட்டின் பின்பக்கமும் வெவ்வேறு குறி போட்டுவையுங்கள். கலந்துவிட்டால் பிரிக்க அதுதான் உதவும். நிறத்தை மட்டும் நம்பிப் புதிர் அமைக்க வேண்டாம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகப் பாதி மேசையாவது எழுத்தில்லாமல் இருக்கட்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். விடைகளை நான் கேட்பதில்லை. "எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டு, ஒரு சின்னத் தாளில் எழுதச் சொல்கிறேன். போன முறை வந்த தாள்களில் ஒன்று இன்னும் என் குறிப்பேட்டுக்குள் இருக்கிறது: "ஆட்டைத் திரும்பக் கூட்டிட்டு வரலாம்னு தோணவே இல்ல மிஸ். திரும்பி வந்தா தோத்த மாதிரின்னு நெனச்சேன்."