ஃபயர்வால்: தீச்சுவரா, தீயரணா?

'ஃபயர்வால்' கணினிக்கு வருமுன் கட்டடக்காரர்களின் சொல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ளதுபோல் ஒட்டி ஒட்டிக் கட்டிய கடைகளில், ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாதபடி நடுவே எழுப்பும் கனத்த சுவருக்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வழங்கியது. 1980களின் இறுதியில் வலையமைப்புப் பொறியாளர்கள் அதைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இயங்குதளத்தில் உள்ள ஃபயர்வால், வலையமைப்பின் வழியே துண்டு துண்டாக வரும் தரவுப் பொதி ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, எந்தப் போர்ட்டை (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாயிலை) நாடுகிறது என்பதை நிர்வாகி எழுதிய விதிகளோடு ஒப்பிட்டு, உள்ளே விடும் அல்லது தடுத்துவிடும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே இது இருந்தது. ஆனால் தானாக இயங்கும்படி அமைந்தது 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தல் தொகுப்பில்தான்.

தமிழில் நெருப்புச்சுவர், தீச்சுவர், தீயரண் என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. மண்சுவர், கற்சுவர் என்று சொல்லிப் பழகிய காதுக்கு, 'சுவர்' என்பதன் முன் நிற்பது அது எதனால் ஆனது என்பதையே சொல்லும். ஆகவே நெருப்புச்சுவரும் தீச்சுவரும் நெருப்பாலான சுவராகிவிடுகின்றன. மலையே அரணாவது மலையரண், காடே அரணாவது காட்டரண் என்றெல்லாம் உண்டே, தீயரணுக்கும் அதே குறை இல்லையா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். எனினும் கொசுவலையைக் கொசுவால் ஆன வலை என்று யாரும் கொள்வதில்லை. கொசுவைத் தடுக்கும் வலை என்றே விரிக்கிறோம். தீயரணையும் தீயைத் தடுக்கும் அரண் என்று அவ்வாறே விரிக்கலாம். ஐயத்துக்கே இடம் வேண்டாம் என்பவர்களுக்கு, கோடையில் சேர்வராயன் மலைச் சரிவுகளில் சருகு நீக்கி அமைக்கும் 'தீத்தடுப்புக் கோடு' வழிகாட்டும். நான் ஆவணங்களில் முதல்முறை 'தீத்தடுப்பு அரண்' என்றும், பிறகு 'தீயரண்' என்றும் எழுதுகிறேன்.

அரண் என்ற சொல்லை நான் விடாமல் பற்றியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. திருக்குறளின் 744ஆம் குறள், 'சிறுகாப்பின் பேரிடத்தது' என்று அரணுக்கு இலக்கணம் சொல்கிறது: உள்ளிடம் பெரிது, காவல் காக்க வேண்டிய இடமோ சிறிது. தீயரண் விதி எழுதும் நிர்வாகிக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கண்டதில்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில், கணக்கு மென்பொருள் சர்வரோடு இணையவில்லை என்பதற்காக, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க, எல்லாம் ஓடும்" என்று யாரோ சொல்ல, அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிட்டார்கள். மென்பொருளும் ஓடியது, கூடவே அந்த சர்வரில் கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட்டும், தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்குரிய 3389ஆம் போர்ட்டும் வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளுக்கும் திறந்தே கிடந்தன. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரல் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தாவியது 445 வழியாகத்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு தரவுத்தளத்துக்குரிய 1433ஆம் போர்ட்டை, கணக்குப் பிரிவின் ஆறு கணினிகளுடைய ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறக்கும் ஒரே ஒரு உள்வரு விதியை (உள்ளே வரும் இணைப்புகளுக்கான விதியை) எழுதித் தீயரணை மறுபடி இயக்கினோம். கணக்கு மென்பொருள் முன்போலவே ஓடியது.